காலாண்டு முடிவுகளுக்கு முன் மலிவுப் பங்குகளை ஏற்றிவிடுதல்

விலையும் வணிகமும் குறைந்த ஒரு நிறுவனத்தின் பங்கை முதலில் வாங்கி வைத்துக்கொண்டு, "அடுத்த வாரம் ரிசல்ட் வருகிறது, லாபம் பல மடங்கு" என்று செய்தி பரப்பி, அதை நம்பி வருபவர்களிடம் அதே பங்கை உயர்ந்த விலைக்கு விற்றுவிட்டு வெளியேறும் முறையே காலாண்டு முடிவுகளுக்கு முன் மலிவுப் பங்குகளை ஏற்றிவிடுதல் ஆகும். 'பம்ப் அண்ட் டம்ப்' என்று உலகெங்கும் அறியப்படும் மோசடியின் ஒரு வகை இது. இதைப் பின்னிருந்து நடத்துபவரைச் சந்தைப் பேச்சில் 'ஆப்பரேட்டர்' என்பர். இந்தியப் பங்குச் சந்தையை ஒழுங்குபடுத்தும் செபி, 2003-ஆம் ஆண்டின் மோசடி வணிகத் தடுப்பு விதிமுறைகளில் இதைத் தடை செய்துள்ளது.

ஒருவர் தாம் வாங்கிய பங்கைப் பற்றி நண்பரிடம் நல்லவிதமாகச் சொல்வது குற்றமாகாது. பொய் என்று தெரிந்தே சொல்வதும், மற்றவர் வாங்கும் நேரத்தில் தாம் விற்பதற்காகவே சொல்வதும்தான் குற்றம். வெளியிலிருந்து பார்ப்பவருக்கு இரண்டும் ஒரே செய்தியாகத் தோன்றுவதே இதிலுள்ள சிக்கல்.

மலிவு என்னும் சொல்

ஒரு பங்கின் விலை 4 ரூபாய் என்பதால் மட்டும் அது மலிவாகிவிடாது. நிறுவனம் எத்தனை பங்குகளாகப் பிரிக்கப்பட்டிருக்கிறது என்பதைப் பொறுத்தே ஒரு பங்கின் விலை அமைகிறது. ஒரே பலாப்பழத்தை 10 துண்டாக்கினாலும் 100 துண்டாக்கினாலும் பழம் ஒன்றுதான். துண்டின் விலைதான் மாறும். 1904-இல் கும்பகோணத்தில் தொடங்கப்பட்டு இன்றும் அங்கேயே தலைமையகம் கொண்டுள்ள சிட்டி யூனியன் வங்கியின் பங்கு முகமதிப்பு 1 ரூபாய். 10 ரூபாய் முகமதிப்புள்ள வேறொரு வங்கிப் பங்கின் விலையோடு அதை அப்படியே ஒப்பிட்டு, இது மலிவு, அது விலை அதிகம் என்று சொல்ல முடியாது.

ஆனால் 4 ரூபாய்ப் பங்குக்கு ஒரு கவர்ச்சி உண்டு. 10,000 ரூபாயில் 2,500 பங்குகள் கைக்கு வருகின்றன. எண்ணிக்கை பெரிதாக இருப்பதே நிறைய வாங்கிவிட்டோம் என்ற நிறைவைத் தருகிறது. 4 ரூபாய் 8 ஆவது எளிது, 4,000 ரூபாய் 8,000 ஆவது கடினம் என்ற எண்ணமும் பரவலாக உள்ளது. இரண்டுக்கும் நிறுவனத்தின் மொத்த மதிப்பு இருமடங்காக வேண்டும் என்பதுதான் கணக்கு. ஆப்பரேட்டர்கள் சிறிய நிறுவனங்களைத் தேர்ந்தெடுப்பதற்குக் காரணம் வேறு: அவற்றில் நாள்தோறும் கைமாறும் பங்குகள் மிகக் குறைவு என்பதால், சிறிய தொகையைக் கொண்டே விலையை அசைத்துவிடலாம்.

அறுவடைப் பணமும் முடிவுக் காலமும்

பட்டியலிடப்பட்ட நிறுவனங்கள் காலாண்டு முடிந்த 45 நாட்களுக்குள் முடிவுகளை வெளியிட வேண்டும். மார்ச்சில் முடியும் நிதியாண்டின் தணிக்கை செய்த கணக்குக்கு 60 நாட்கள் அவகாசம். ஆகவே ஆகஸ்ட் 14, நவம்பர் 14, பிப்ரவரி 14, மே 30 ஆகிய கெடு நாட்களை ஒட்டி நூற்றுக்கணக்கான சிறு நிறுவனங்களின் முடிவுகள் குவிகின்றன. இயக்குநர் குழு கூடும் நாளை முன்னதாகவே பங்குச் சந்தைக்கு அறிவிக்க வேண்டும் என்பதால், தேதி எல்லோருக்கும் தெரிந்த ஒன்றாகிவிடுகிறது.

காவிரிப் படுகையின் நாட்காட்டியோடு இதை வைத்துப் பார்த்தால் ஓர் ஒற்றுமை புலப்படும். மன்னார்குடி, நீடாமங்கலம், திருத்துறைப்பூண்டிப் பகுதிகளில் சம்பா அறுவடை பெரும்பாலும் சனவரி, பிப்ரவரி மாதங்களில் நடக்கிறது. தமிழ்நாடு நுகர்பொருள் வாணிபக் கழகத்தின் நேரடி நெல் கொள்முதல் நிலையத்தில் போட்ட நெல்லுக்கான பணம் விவசாயியின் வங்கிக் கணக்கில் நேராக வந்து சேர்கிறது. டிசம்பர்க் காலாண்டின் முடிவுகள் வெளிவருவதும் அதே வாரங்களில்தான். குறுவைப் பணம் வரும் அக்டோபரில் செப்டம்பர்க் காலாண்டு முடிவுகள் தொடங்கிவிடுகின்றன. இது யாரும் திட்டமிட்டதன்று. ஆனால் கைபேசியிலேயே டீமேட் கணக்கு தொடங்க முடிகிற இக்காலத்தில், வீட்டில் பணம் இருக்கும் நாளும் "ரிசல்ட் வருகிறது" என்ற செய்தி வரும் நாளும் ஒன்றாகிவிடுகின்றன.

2025-26 கொள்முதல் பருவத்துக்குத் தமிழ்நாட்டில் ஊக்கத்தொகையுடன் பொது ரக நெல்லுக்கு அறிவிக்கப்பட்ட விலை குவிண்டாலுக்கு 2,500 ரூபாய். 40 கிலோ மூட்டை ஒன்றுக்கு 1,000 ரூபாய் ஆகிறது. ஆக, பங்கில் இறக்கிய 50,000 ரூபாய் பாதியாகிவிட்டால் அந்தக் குடும்பம் 25 மூட்டை நெல்லை இழந்திருக்கிறது. வயலில் மழையில் நனைந்த நெல்லென்றால் ஊரே பார்க்கும், அதிகாரி வந்து கணக்கெடுப்பார். கைபேசித் திரையில் கரைந்த மூட்டைகளைப் பற்றிப் பலர் வீட்டிலும் சொல்வதில்லை.

முடிவுத் தேதி ஆப்பரேட்டருக்கு வேறொரு வகையிலும் உதவுகிறது. "நல்ல நிறுவனம், வாங்குங்கள்" என்றால் கேட்பவர் யோசிக்கவும் விசாரிக்கவும் நேரம் எடுத்துக்கொள்வார். "செவ்வாய்க்கிழமை ரிசல்ட், அதற்குள் வாங்கிவிடுங்கள்" என்றால் அந்த அவகாசம் பறிபோகிறது. முடிவு உண்மையில் எப்படி இருக்கும் என்பது அவருக்குப் பொருட்டில்லை. செவ்வாய்க்கிழமைக்கு முன் அவருடைய பங்குகள் விற்றுத் தீர்ந்திருக்கும்.

இதற்குச் சட்டமும் அறியாமல் இடம் தருகிறது. உள்தகவல் வணிகத்தைத் தடுக்கும் 2015 விதிமுறைகளின்படி, காலாண்டு முடிந்த நாளிலிருந்து முடிவுகள் வெளியாகி 48 மணி நேரம் ஆகும்வரை நிறுவனத்தின் இயக்குநர்களும் கணக்கு விவரம் தெரிந்த ஊழியர்களும் அதன் பங்கை வாங்கவோ விற்கவோ கூடாது. வெளியாகாத கணக்கை அவர்கள் யாரிடமும் சொல்லவும் கூடாது. அந்த வாரங்களில் நிறுவனம் வாய் திறக்காது. வதந்திக்கு மறுமொழி உடனே வருவதில்லை. பெரிய நிறுவனங்களை ஆராய்ந்து லாபத்தை மதிப்பிடப் பல ஆய்வாளர்கள் இருக்கிறார்கள். 4 ரூபாய்ப் பங்கைப் பெரும்பாலும் யாரும் ஆராய்வதில்லை. எனவே அப்படிப்பட்ட ஒரு நிறுவனத்தின் லாபம் தமக்கு முன்பே தெரியும் என்று ஒருவர் சொன்னால், அவர் பொய் சொல்கிறார், அல்லது சட்டத்தை மீறிக் கிடைத்த தகவலை விற்கிறார்.

விலை ஏறும் விதம்

10 கோடி பங்குகள் கொண்ட ஒரு சிறு நிறுவனத்தை எடுத்துக்காட்டாகக் கொள்வோம். பங்கு விலை 4 ரூபாய். மொத்தச் சந்தை மதிப்பு 40 கோடி. நிறுவனர்களிடம் உள்ளவை, பல ஆண்டுகளாக எவரும் தொடாமல் கிடப்பவை ஆகியவற்றைக் கழித்தால் நாள்தோறும் சில ஆயிரம் பங்குகளே கைமாறுகின்றன. ஆப்பரேட்டர் தம் ஆட்களின் பல கணக்குகளில் சில வாரங்களாகச் சிறிது சிறிதாக 20 லட்சம் பங்குகளைச் சேர்க்கிறார். செலவு 80 லட்சம் ரூபாய்.

அடுத்து அந்தக் கணக்குகள் தங்களுக்குள்ளேயே வாங்கி விற்கின்றன. இடப்பையிலிருந்து வலப்பைக்குப் போகும் இந்த வணிகத்தில் யாருக்கும் லாபமில்லை. ஆனால் சந்தைத் திரையில் வணிக அளவு திடீரெனப் பெருகியதாகத் தெரிகிறது. இத்தகைய பல பங்குகளுக்கு ஒரு நாளில் 5 சதவீதத்துக்கு மேல் ஏறவோ இறங்கவோ கூடாது என்ற வரம்பு உண்டு. விலை நாள்தோறும் அந்த மேல்வரம்பைத் தொடுவதை 'அப்பர் சர்க்யூட்' என்கிறார்கள். 14 வணிக நாட்கள் தொடர்ந்து தொட்டால் 4 ரூபாய்ப் பங்கு ஏறத்தாழ 8 ரூபாய் ஆகிவிடும்.

இப்போதுதான் செய்தி வெளியே போகிறது. டெலிகிராம், வாட்ஸ்அப், யூடியூப், குறுஞ்செய்தி என வழி எதுவானாலும் வாசகம் ஒன்றுதான்: விலை ஏறிக்கொண்டிருக்கிறது, பெரிய ஆர்டர் வந்திருக்கிறது, ரிசல்ட் பிரமாதம், டார்கெட் 20. கேட்பவர் விலைப்படத்தைத் திறந்து பார்க்கிறார். உண்மையாகவே 14 நாட்களாக ஏறியிருக்கிறது. பொய்க்கு முன்பாகவே சாட்சி தயாரிக்கப்பட்டுவிட்டது. வாங்குபவர்கள் திரளத் திரள, 20 லட்சம் பங்குகளும் 8 ரூபாயை ஒட்டி அவர்கள் தலையில் இறங்குகின்றன.

ஏற்றியவர் விலகியதும் தாங்கிப் பிடிக்க ஆளில்லை. இறங்கும்போதும் அதே 5 சதவீத வரம்புதான், 'லோயர் சர்க்யூட்'. காலையில் சந்தை திறந்ததும் கீழ்வரம்பு விலையில் லட்சக்கணக்கான பங்குகள் விற்பனைக்கு வரிசையில் நிற்கும், வாங்க ஒருவரும் இருக்கமாட்டார். "நஷ்டம் வந்தால் விற்றுவிடலாம்", "ஸ்டாப் லாஸ் போட்டிருக்கிறேன்" என்பவை இங்கே பயன்படுவதில்லை. விற்பதற்கு எதிரில் ஒருவர் வாங்க வேண்டுமே! நாள்தோறும் 5 சதவீதம் குறைந்து 14 நாட்களில் பாதிக்கும் கீழே போய்விடும் விலையை உரியவர் பார்த்துக்கொண்டிருக்க வேண்டியதுதான்.

"லாபம் 900 சதவீதம் உயர்வு"

சில சமயம் முடிவு உண்மையிலேயே நன்றாக இருப்பதுபோல் வருவதும் உண்டு. மேற்சொன்ன நிறுவனம் சென்ற ஆண்டு இதே காலாண்டில் 2 லட்சம் ரூபாய் லாபம் காட்டியது, இந்த ஆண்டு 20 லட்சம் காட்டுகிறது என்று கொள்வோம். லாபம் 900 சதவீதம் உயர்வு என்பது பொய்யன்று. ஆனால் 20 லட்சத்தை 10 கோடி பங்குகளுக்குப் பகிர்ந்தால் ஒரு பங்குக்கு 2 பைசா. நான்கு காலாண்டும் இப்படியே போனால் ஆண்டுக்கு 8 பைசா. 8 ரூபாய் கொடுத்து வாங்கியவரின் பங்கு, அந்த 8 ரூபாயை லாபமாக ஈட்ட 100 ஆண்டுகள் ஆகும்.

அந்த 20 லட்சம் எங்கிருந்து வந்தது என்பதும் ஒரு கேள்வி. முடிவுப் பட்டியலில் 'இதர வருமானம்' என்று ஒரு வரி இருக்கும். நிலத்தை விற்ற பணம், வட்டி, பழைய கடன் தள்ளுபடி முதலியவை அங்கே இடம்பெறும். தொழிலில் விற்பனையே இல்லாமல் இதர வருமானத்தால் மட்டும் லாபம் காட்டும் நிறுவனங்கள் உண்டு. கொள்முதல் நிலையத்தில் நெல்லை மூட்டைக் கணக்கில் மட்டும் எடுத்துக்கொள்வதில்லை. ஈரப்பதமானியில் 17 சதவீதத்துக்குள் இருக்கிறதா என்று பார்த்த பிறகே எடை போடுகிறார்கள். ஈரம் மிகுந்தால் எடை கூடும், அரிசி கூடாது. இதர வருமானத்தால் பெருத்த லாபமும் ஏறக்குறைய அப்படித்தான்.

சாத்னா பிராட்காஸ்ட்

இந்தியாவில் இந்த முறை எப்படி நடக்கிறது என்பதை மிக விரிவாக வெளிப்படுத்திய வழக்குகளுள் ஒன்று சாத்னா பிராட்காஸ்ட் என்ற சிறு தொலைக்காட்சி நிறுவனத்தின் பங்கைப் பற்றியது. 2023 மார்ச் 2 அன்று செபி பிறப்பித்த இடைக்கால ஆணையின்படி, 2022 ஏப்ரல் முதல் சூலை நடுப்பகுதி வரை அந்தப் பங்கின் விலையும் வணிக அளவும் ஏறின. சூலை பிற்பகுதியில் 'தி அட்வைசர்', 'மணிவைஸ்' என்ற இரு யூடியூப் அலைவரிசைகளில் காணொளிகள் வெளியாயின. அதானி குழுமம் இந்த நிறுவனத்தை வாங்கப்போகிறது, அமெரிக்க நிறுவனம் ஒன்று பக்திப் படங்கள் தயாரிக்க 1,100 கோடி ரூபாய் ஒப்பந்தம் செய்திருக்கிறது என்பவை அவற்றில் சொல்லப்பட்ட பொய்களுள் சில. காணொளிகள் கோடிக்கணக்கானோரைச் சென்றடைய விளம்பரத்துக்கும் பணம் செலவிடப்பட்டது.

பங்கு வைத்திருந்த சிறு முதலீட்டாளர்களின் எண்ணிக்கை 2,167-இலிருந்து 55,343 ஆனது. அவர்கள் வாங்கிய அதே காலத்தில் நிறுவனர்கள் சிலரும், நிர்வாகப் பொறுப்பில் இருந்த சிலரும், பெரும் பங்குதாரர்களும் விற்றார்கள். 31 பேர் மீதான அந்த ஆணையில் முறைகேடான லாபம் 41.85 கோடி ரூபாய் என மதிப்பிடப்பட்டது. 2025 மே மாத இறுதி ஆணையில் 59 பேர் மீது நடவடிக்கை எடுக்கப்பட்டு, 58 கோடி ரூபாய்க்கு மேற்பட்ட தொகையை வட்டியுடன் திருப்பிச் செலுத்த உத்தரவிடப்பட்டது. இங்கே காலாண்டு முடிவு என்ற சொல்லுக்குப் பதில் ஒப்பந்தம் என்ற சொல் வந்திருக்கிறது. வரப்போகும் வருமானத்தைக் காட்டி இன்றைய விலையை ஏற்றுவது இரண்டிலும் ஒன்றே.

இதற்கு ஓராண்டுக்கு முன்பு, 2022 சனவரியில், 'புல்ரன்2017' என்ற டெலிகிராம் அலைவரிசையை நடத்தியவர்கள் மீது செபி ஆணை பிறப்பித்தது. அதில் ஏறத்தாழ 50,000 பேர் உறுப்பினர்கள். நடத்தியவர்கள் முதலில் தாம் வாங்கி, பிறகு பரிந்துரைத்து, உறுப்பினர்கள் வாங்கும்போது விற்றார்கள் என்பது குற்றச்சாட்டு.

தொழில்நுட்பம் புதிது என்றாலும் வழி பழையது. அமெரிக்காவில் 1990-களில் ஸ்ட்ராட்டன் ஓக்மாண்ட் என்ற தரகு நிறுவனம் தொலைபேசி வழியாகவே இதைப் பெரிய அளவில் செய்தது. 2000-இல் நியூ ஜெர்சியைச் சேர்ந்த 15 வயது மாணவன் ஒருவன், வணிகம் குறைந்த பங்குகளை வாங்கி, இணையப் பலகைகளில் பல பெயர்களில் நூற்றுக்கணக்கான புகழ்ச்சிச் செய்திகள் எழுதி, மறுநாளுக்குள் விற்று லாபம் பார்த்ததற்காக அமெரிக்க ஒழுங்காணையத்திடம் 2,85,000 டாலர் திருப்பிக் கொடுக்க நேர்ந்தது. பள்ளி மாணவனால் செய்ய முடிந்தது என்பதே இந்த வேலைக்குப் பெரிய அறிவோ முதலோ தேவையில்லை என்பதைக் காட்டுகிறது.

சென்னையில் ஒரு போலிக் கடிதம்

தமிழ்நாட்டில் நடந்த நிகழ்வுகளில் பிரமிட் சாய்மீரா தியேட்டர் நிறுவனத்தின் கதை குறிப்பிடத்தக்கது. சென்னையைச் சேர்ந்த இந்நிறுவனம் திரையரங்குகளை நடத்திவந்தது. 2008 டிசம்பரில், பங்குதாரர்களிடமிருந்து ஒரு பங்கை 250 ரூபாய்க்குக் குறையாமல் வாங்கிக்கொள்ளுமாறு நிறுவனத் தலைவருக்குச் செபி உத்தரவிட்டதாக ஒரு கடிதம் ஊடகங்களுக்கு வார இறுதியில் வந்தது. சந்தை விலையைவிட அது மிக அதிகம். செய்தி வெளியாகி, டிசம்பர் 22 திங்கள்கிழமை காலை பங்கு விலை எகிறியது. அப்படி ஒரு கடிதமே அனுப்பவில்லை என்று செபி மறுத்தது. கடிதம் போலி.

அந்தத் திங்கள்கிழமை பங்குகளை விற்றவர்களுள் நிறுவனர்களில் ஒருவரும் இருந்தார் என்று 2009 ஏப்ரலில் செபி பிறப்பித்த ஆணை கூறியது. 200-க்கும் மேற்பட்டவர்கள் சந்தையில் வணிகம் செய்யத் தடை விதிக்கப்பட்டது. செபியின் பெயரையே பயன்படுத்திய துணிச்சலுக்காக இவ்வழக்கு நினைவுகூரப்படுகிறது. செய்தித்தாளில் வந்துவிட்டது என்பதும் போதிய சான்றாகாது என்பதற்கு இது எடுத்துக்காட்டு.

வாட்ஸ்அப்பில் முன்பே வந்த முடிவுகள்

முடிவுகள் உண்மையாகவே முன்கூட்டிப் பரவியதும் உண்டு. 2017 நவம்பரில், பெரிய நிறுவனங்கள் சிலவற்றின் காலாண்டு எண்கள் அதிகாரப்பூர்வ அறிவிப்புக்கு முன்பே வாட்ஸ்அப் குழுக்களில் உலவியது செய்தியானது. விப்ரோ, ஏசியன் பெயிண்ட்ஸ், பஜாஜ் ஆட்டோ போன்றவை அந்தப் பட்டியலில் இருந்தன. செய்தியை அனுப்பியதாகச் சிலருக்குச் செபி 2020-இல் தண்டம் விதித்தது. ஆனால் 2021 மார்ச்சில் மேல்முறையீட்டுத் தீர்ப்பாயம் அந்த ஆணைகளை நீக்கியது. 2022-இல் உச்ச நீதிமன்றமும் அதை உறுதிசெய்தது. வந்த செய்தியை உள்தகவல் என்று அறிந்தே அனுப்பினார் என நிறுவ முடியவில்லை. ஊகங்கள் பலவற்றுள் ஒன்று எண்ணோடு பொருந்திப்போவதும் நடக்கக்கூடியதே.

ஆக, கைபேசிக்கு வரும் செய்தி உண்மைக் கசிவா, ஊகமா, பொய்யா என்பதை ஒழுங்காணையமே பல ஆண்டு விசாரித்தும் உறுதிப்படுத்துவது எளிதாக இல்லை. சம்பா அறுவடைக்கிடையில் அதைப் பார்க்கும் ஒருவரால் ஐந்து நிமிடத்தில் எப்படி முடியும்?

எதைப் பார்க்கலாம்

செய்தியின் உண்மையைச் சோதிப்பதைவிட அனுப்பியவரையும் பங்கையும் சோதிப்பது எளிது. பங்குப் பரிந்துரை செய்பவர் செபியிடம் ஆய்வாளராகப் பதிவு பெற்றிருக்க வேண்டும், பதிவெண் ஐ.என்.எச். என்ற எழுத்துகளில் தொடங்கும். முதலீட்டு ஆலோசகரின் எண் ஐ.என்.ஏ. எனத் தொடங்கும். செபி இணையதளத்தில் பெயரையும் எண்ணையும் ஒப்பிட்டுப் பார்க்கலாம், ஏனெனில் வேறொருவரின் எண்ணைப் போட்டுக்கொள்பவர்களும் உண்டு. பதிவு பெற்றவரும் உறுதியான லாபம் என்று வாக்களிக்கக் கூடாது. பாடம் மட்டுமே நடத்துகிறேன் என்பவர் கடந்த மூன்று மாத விலைகளை எடுத்துக்காட்டாகப் பயன்படுத்தக் கூடாது என 2025 சனவரியில் செபி சுற்றறிக்கை வெளியிட்டது.

மும்பைப் பங்குச் சந்தை, தேசியப் பங்குச் சந்தை ஆகியவற்றின் தளங்களில் நிறுவனத்தின் பழைய முடிவுகள், நிறுவனர்களின் பங்கு விகிதம், அதில் எவ்வளவு அடமானத்தில் உள்ளது ஆகியவை கட்டணமின்றிக் கிடைக்கின்றன. 2017 முதல் படிநிலைக் கண்காணிப்பிலும், 2018 முதல் கூடுதல் கண்காணிப்பிலும் ஐயத்துக்குரிய பங்குகள் வைக்கப்படுகின்றன. யாரும் கேட்காமலே பரிந்துரைச் செய்திகள் அனுப்பப்படும் பங்குகளுக்கென்று தனிப்பட்டியலையும் சந்தைகள் வெளியிடுகின்றன. இது அதிகம் பேருக்குத் தெரியாத, ஆனால் மிகவும் பயனுள்ள பட்டியல்.

புகாரும் பணமும்

தமிழ்நாட்டில் நிதி நிறுவனம் வைப்புத்தொகையைத் திருப்பித் தராவிட்டால் 1997-ஆம் ஆண்டின் வைப்பீட்டாளர் பாதுகாப்புச் சட்டத்தின்கீழ் பொருளாதாரக் குற்றப் பிரிவில் புகார் கொடுக்கலாம். பங்கு வாங்கி இழந்தது அந்த வகையில் சேராது. அங்கே வைப்புத்தொகை என்று எதுவும் இல்லை. சந்தை வழியாக, முகம் தெரியாத ஒருவரிடம், ஒப்புக்கொண்ட விலைக்கு வாங்கியதாகவே ஆவணம் சொல்லும். போலிச் செயலியில் பணம் கட்டி ஏமாந்தது வேறு குற்றம். அதற்கு 1930 என்ற இணையக் குற்ற உதவி எண் இருக்கிறது. பங்கு விலையை ஏற்றிவிட்டது பற்றிய புகாரைச் செபிக்குத் தெரிவிக்கலாம். அதன் கட்டணமில்லாத் தொலைபேசி எண் 1800 22 7575. வந்த செய்தியின் படம், தேதி, அனுப்பியவரின் எண், தரகர் தந்த ஒப்பந்தச் சீட்டு ஆகியவற்றை அழிக்காமல் வைத்திருப்பது உதவும்.

மோசடி உறுதியானால் செபி சட்டத்தின்படி குறைந்தது 5 லட்சம் ரூபாய் தண்டம். உச்சம் 25 கோடி அல்லது ஈட்டிய லாபத்தின் மூன்று மடங்கு, இவற்றில் எது அதிகமோ அது. முறைகேடான லாபத்தைத் தனியே பறிமுதல் செய்யவும் முடியும். பறிமுதலாகும் தொகை பொதுவாகச் செபியின் முதலீட்டாளர் பாதுகாப்பு, கல்வி நிதியில் சேர்க்கப்படுகிறது. பங்கை 8 ரூபாய்க்கு வாங்கியவரின் கணக்குக்கு அது தானாகத் திரும்பி வருவதில்லை.